நடுப்பாதைக்கு வந்தால்தான் ஆட்சியா? பிரிட்டன் கட்சிகளைப் பற்றிய ஒரு கேள்விக்குப் பதில்

கேட்டவரின் சொற்களை முதலில் அப்படியே எடுத்து வைக்கிறேன்: "பிரிட்டனில் ஆட்சியைப் பிடிக்க வேண்டுமானால் எந்தக் கட்சியும் நடுப்பாதைக்கு வந்தே தீர வேண்டும் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். அப்படியானால் தாட்சர் மூன்று முறை வென்றது எப்படி? கார்பின் 2017இல் 40 சதவீத வாக்கு வாங்கியது எப்படி? கடைசியில் இது வாக்காளரை ஏமாற்றும் வேலைதானே?" (தாட்சர் வலதுசாரிக் கன்சர்வேட்டிவ் கட்சியின் பிரதமராக இருந்தவர், கார்பின் இடதுசாரித் தொழிலாளர் கட்சியின் தலைவராக இருந்தவர். பிரிட்டனை மாறி மாறி ஆண்டவை இந்த இரு கட்சிகள்தான்.) இதில் மூன்று கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. நடுப்பாதை என்பது ஒரு விதியா, அந்த விதிக்கு விலக்குகள் உண்டா, அது நேர்மையான செயலா என்பவையே அவை. நான் தமிழ்நாட்டில் அரசியல் அறிவியல் படித்துவிட்டு 1990களின் தொடக்கத்தில் இலண்டன் வந்தவன். புறநகர்க் கல்லூரி ஒன்றில் 22 ஆண்டுகள் பதினேழு பதினெட்டு வயதுப் பிள்ளைகளுக்கு இந்தப் பாடத்தைத்தான் நடத்தினேன். எந்தக் கட்சியிலும் நான் உறுப்பினன் அல்லன். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்: விதி உண்டு, ஆனால் பொதுவாக எழுதப்படுகிற வடிவத்தில் அது இல்லை.

ஐயத்துக்கு இடமில்லாததிலிருந்து தொடங்குகிறேன். பிரிட்டனின் 650 தொகுதிகளிலும் இந்தியாவில் நமக்குப் பழக்கமான அதே முறைதான். அதிக வாக்கு வாங்கியவர் வென்றார். மற்றவர்களுக்கு விழுந்த வாக்குகளுக்கு நாடாளுமன்றத்தில் இடமில்லை. (அந்த முறை நமக்கு எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.) இத்தொகுதிகளில் பெரும்பாலானவை நெடுங்காலமாக ஏதோ ஒரு கட்சியின் கோட்டைகளாகவே இருந்துவந்தன, ஆட்சியைத் தீர்மானித்தவை எஞ்சிய இழுபறித் தொகுதிகளே. இழுபறித் தொகுதியில் கணக்கு எளியது. வீட்டிலேயே இருந்துவிடக்கூடிய நம் ஆதரவாளர் ஒருவரைக் கிளப்பிக் கொண்டுவந்தால் வித்தியாசம் ஒன்று கூடும். போன முறை எதிராளிக்குப் போட்டவர் இம்முறை நமக்குப் போட்டால், அவருக்கு ஒன்று குறைந்து நமக்கு ஒன்று ஏறுவதால், வித்தியாசம் இரண்டு கூடும். ஆகவே கொள்கைப் பிடிப்புள்ள ஒரு தொண்டரைவிடத் தடுமாறி நிற்கும் ஒரு வாக்காளருக்குக் கட்சித் தலைமையிடம் இருமடங்கு மதிப்பு. இந்தக் கூட்டல் கழித்தலை எந்தத் தலைவராலும் மாற்ற முடியாது.

பாடப்புத்தகங்கள் இதை ஒரே தெருவிலுள்ள இரண்டு கடைகளைக் கொண்டு விளக்கும். நாம் தேநீர்க் கடை என்று வைத்துக்கொள்வோம். தெருக்கோடியில் ஒன்று, மறுகோடியில் ஒன்று இருந்தால் இரண்டுமே கொஞ்சம் கொஞ்சமாக நடுவை நோக்கி நகரும். ஏனெனில் தனக்குப் பின்னாலுள்ள வீட்டுக்காரர்கள் எப்படியும் தன்னிடம்தான் வர வேண்டும், போட்டியெல்லாம் நடுவிலுள்ள வீடுகளுக்குத்தான். நானும் பல ஆண்டுகள் பலகையில் கோடு கிழித்து இதைத்தான் நடத்தினேன். ஆனால் தெருக்கோடி வீட்டுக்காரர் அலுத்துப்போய் வீட்டிலேயே தேநீர் போட்டுக் குடிக்கலாம், அல்லது அவர் வீட்டு வாசலிலேயே மூன்றாவது கடை ஒன்று முளைக்கலாம் என்பதை அந்தக் கோடு சொல்வதில்லை. தெரு ஒன்றே ஒன்றுதான் என்றும் அது தானாகவே எடுத்துக்கொள்கிறது. வரி, சுகாதாரம், குடியேற்றம், ஐரோப்பா என்று இங்கே தெருக்கள் பல. ஒரே மனிதர் ஒரு தெருவில் இடது கோடியிலும் இன்னொரு தெருவில் வலது கோடியிலும் குடியிருப்பார்.

வாசல் வாசலாகப் போகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். கற்பிக்கும் ஆர்வத்தில் இரண்டு தேர்தல்களில் வெவ்வேறு கட்சிகளின் தொண்டர்களோடு நான் தெருத்தெருவாக நடந்திருக்கிறேன். அவர்கள் கையில் ஒரு தாள் இருக்கும்: கதவு எண், வாக்காளர் பெயர், எதிரே ஓர் எழுத்து போடக் கட்டம். உறுதியாக நம்மவர் என்றால் ஓர் எழுத்து, உறுதியாக எதிராளி என்றால் வேறோர் எழுத்து. இந்த இரு வகை வீடுகளிலும் அரை நிமிடத்துக்கு மேல் நிற்க மாட்டார்கள். "போன முறை அவர்களுக்குப் போட்டேன், இந்த முறை தெரியவில்லை" என்கிறவர் வாசலில்தான் மழையானாலும் ஐந்து நிமிடம் நிற்பார்கள். தயங்குவது ஏன் என்று கேட்டால் கொள்கை விளக்கம் வராது, ஓர் அச்சம் வரும். "இவர்கள் வந்தால் வரியை ஏற்றிவிடுவார்கள்", "அவர்கள் வந்தால் ஆஸ்பத்திரியை விற்றுவிடுவார்கள்." நான் பார்த்தவரை நடுப்பாதை என்பதன் உண்மையான பொருள் இந்த வாசற்படியில்தான் இருக்கிறது. ஒரு கட்சி தன் கொள்கைகள் அனைத்தையும் கொண்டுபோய் நடுக்கோட்டில் நிறுத்த வேண்டிய தேவை வருவதில்லை. எந்த ஒரு விஷயத்தில் மக்கள் தன்னைக் கண்டு அஞ்சுகிறார்களோ அந்த ஒன்றில் எதிர்க்கட்சியின் நிலைப்பாட்டை ஏற்றுக்கொண்டு அச்சத்துக்குப் பூட்டுப் போட்டுவிட்டால் போதும், மற்ற விஷயங்களில் அது தன் போக்கில் போகலாம்.

1945இல் அட்லியின் தொழிலாளர் கட்சி 393 இடங்களை வென்றபோது, போரை வென்று தந்த சர்ச்சிலின் கன்சர்வேட்டிவ் கட்சி திகைத்துப் போனது. 1946இல் தேசிய சுகாதார சேவைக்கான மசோதாவை அந்தக் கட்சி எதிர்த்தே வாக்களித்தது. 1930களின் வேலையின்மைக் காலம் திரும்பிவிடும் என்பதே அன்று மக்களுக்கு அக்கட்சி மீதிருந்த அச்சம். அக்கட்சியின் ராப் பட்லர் தலைமையிலான குழு 1947இல் தொழில் சாசனம் என்று ஓர் அறிக்கையைக் கொண்டுவந்தது. நிலக்கரியும் ரயிலும் அரசிடமே இருக்கட்டும், முழு வேலைவாய்ப்பு அரசின் பொறுப்பு என்று அது ஒப்புக்கொண்டது. 1950ஆம் ஆண்டு மாநாட்டில் ஆண்டுக்கு 3 லட்சம் வீடுகள் என்ற வாக்குறுதியும் சேர்ந்தது. 1951இல் சர்ச்சில் 321 இடங்களோடு திரும்பி வந்தார். அவருடைய வீட்டுவசதி அமைச்சர் மேக்மில்லன் 1953இல் அந்த 3 லட்சம் வீடுகளைக் கட்டியும் காட்டினார். ஆனால் அந்த 1951 தேர்தலில் அதிக வாக்கு வாங்கியது தொழிலாளர் கட்சிதான், 48.8 சதவீதம் வாங்கியும் 295 இடங்களோடு அது தோற்றது. நடுப்பாதைதான் கன்சர்வேட்டிவ்களை வெல்ல வைத்தது என்று பலகையில் எழுதும்போதெல்லாம் இந்த எண்ணையும் பக்கத்திலேயே எழுதுவது என் வழக்கம்.

அடுத்த பெரிய கதை தொழிலாளர் கட்சியுடையது. 1983இல் மைக்கேல் ஃபுட் தலைமையில் அக்கட்சி அணு ஆயுதங்களை ஒருதலையாகக் கைவிடுவோம், ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்திலிருந்து வெளியேறுவோம், தேசியமயத்தை விரிவாக்குவோம் என்று நின்றது. அக்கட்சியின் எம்.பி. ஜெரால்டு காஃப்மனே அந்தத் தேர்தல் அறிக்கையை வரலாற்றிலேயே மிக நீண்ட தற்கொலைக் குறிப்பு என்றார். கிடைத்தது 27.6 சதவீதம், 209 இடங்கள். அதற்கு இரண்டாண்டுகளுக்கு முன் அக்கட்சியிலிருந்து பிரிந்தவர்கள் தொடங்கிய சமூக ஜனநாயகக் கட்சியும் லிபரல்களும் அமைத்த கூட்டணி 25.4 சதவீதம் வாங்கி 23 இடங்களோடு நின்றது. தாட்சரின் வாக்கு விகிதம் 1979ஐவிடக் குறைந்தது, இடங்களோ 339இலிருந்து 397ஆக ஏறின. எதிர்ப்பு வாக்கு இரண்டாகப் பிரிந்தால் என்ன ஆகும் என்பதைத் தமிழ் வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை.

அங்கிருந்து, டோனி பிளேர் தலைமையில் தொழிலாளர் கட்சி வென்ற 1997க்கு வர 14 ஆண்டுகள் பிடித்தன. எல்லாவற்றையும் பிளேரின் கணக்கில் எழுதுவது பரவலான பிழை. 1985இல் போர்ன்மத் மாநாட்டில் ஃபுட்டுக்குப் பின் தலைவரான நீல் கின்னக் தன் கட்சிக்காரர்களைப் பார்த்தே பேசினார். லிவர்பூல் மாநகராட்சியை வைத்திருந்த தீவிர இடதுசாரிகள், தங்கள் சொந்த ஊழியர்களுக்கே பணிநீக்க அறிவிப்பைக் கொடுக்க வாடகை டாக்சிகளை ஊரெங்கும் ஓடவிட்ட அவலத்தை அவர் அரங்கில் சொன்னபோது, லிவர்பூல் எம்.பி. எரிக் ஹெஃபர் மேடையிலிருந்து எழுந்து வெளியேறினார். அடுத்த ஆண்டு செங்கொடிக்குப் பதில் சிவப்பு ரோஜா கட்சியின் சின்னமானது. 1989க்குள் ஒருதலையான அணு ஆயுதக் கைவிடலும் போய்விட்டது. ஆக, 1992 தேர்தலுக்கு வந்தபோது பாதுகாப்பு பற்றிய அச்சம் பெரிதும் பூட்டப்பட்டுவிட்டது. வரி பற்றிய அச்சம் மட்டும் பூட்டப்படவில்லை. தொழிலாளர் கட்சி வந்தால் ஆண்டுக்கு 1,250 பவுண்டு கூடுதல் வரி கட்ட நேரும் என்று வெடிகுண்டுப் படத்தோடு கன்சர்வேட்டிவ்கள் சுவரொட்டி ஒட்டினார்கள். மேல் வருமானக்காரர்களின் வரியை ஏற்றுவோம் என்று தொழிலாளர் கட்சியின் நிதிப் பொறுப்பாளர் ஜான் ஸ்மித் தன் நிழல் பட்ஜெட்டில் (ஆட்சிக்கு வந்தால் போடப்போகும் பட்ஜெட்டில்) வெளிப்படையாகவே சொன்னார். கருத்துக்கணிப்புகளில் நெருங்கி நின்ற கட்சி, எண்ணிக்கையில் 34.4 சதவீதத்தோடு நின்றது. கன்சர்வேட்டிவ் பிரதமர் ஜான் மேஜருக்கு 41.9.

அந்தத் தோல்விக்குப் பின் கின்னக் இடத்தில் தலைவரான ஸ்மித் 1994 மே மாதத்தில் திடீரென இறந்தார்; ஜூலையில் பிளேர் தலைவரானார். உற்பத்திச் சாதனங்கள் பொதுவுடைமையாக வேண்டும் என்ற நான்காம் பிரிவு 1918 முதல் கட்சியின் அமைப்பு விதிகளில் இருந்தது. உறுப்பினர் அட்டையிலேயே அச்சிட்டிருந்தார்கள். 1959 தோல்விக்குப் பின் அன்றைய தலைவர் கெயிட்ஸ்கெல் அதை மாற்ற முயன்று தோற்றார். 1995 ஏப்ரல் 29 அன்று சிறப்பு மாநாட்டில் பிளேர் மாற்றினார். அட்லி ஆட்சிக்குப் பிறகு எந்தத் தொழிலாளர் அமைச்சரவையும் அந்த வாசகத்தை எழுத்துக்கு எழுத்து நடத்திக்காட்ட நினைத்ததில்லை. ஆனாலும் அதை மாற்றியது நடைமுறையைவிட ஓர் அறிகுறியாகவே பெரிதாக வேலை செய்தது. உண்மையான பூட்டு 1997 ஜனவரியில் விழுந்தது. வருமான வரி விகிதங்களை ஏற்ற மாட்டோம், முதல் இரண்டு ஆண்டுகளுக்குக் கன்சர்வேட்டிவ் அரசு வகுத்த செலவு வரம்பையே பின்பற்றுவோம் என்று, பிளேரின் நிதிப் பொறுப்பாளர் கார்டன் பிரவுன் அறிவித்தார்.

அந்த ஆண்டு மே 1 அன்று நானும் வாக்களித்தேன், கையில் இந்தியக் கடவுச்சீட்டோடு. காமன்வெல்த் நாட்டுக் குடிமக்கள் இங்கே சட்டப்படி வசித்தால் பொதுத்தேர்தலில் வாக்களிக்கலாம் என்பது நம்மவர் பலருக்கு அன்று தெரியாது. அடுத்த வீட்டில் ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர் ஒருவர் இருந்தார். 1992இல் வரிக்குப் பயந்து மேஜருக்குப் போட்டவர். தொழிலாளர் கட்சி அச்சிட்டுக் கொடுத்த, வங்கி அட்டை அளவேயான வாக்குறுதி அட்டையைச் சுவர்க் கடிகாரத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்தார். ஐந்து முதல் ஏழு வயதுப் பிள்ளைகளின் வகுப்பில் 30 பேருக்கு மேல் கூடாது, மருத்துவமனைக் காத்திருப்புப் பட்டியலிலிருந்து கூடுதலாக 1 லட்சம் பேருக்குச் சிகிச்சை, இப்படி ஐந்து வரிகள். சோஷலிசம் என்ற சொல் அதில் இல்லை. "சொல்வது சின்னதாக இருக்கிறது, செய்துவிடுவார்கள்" என்றார். அவர் கடைசியில் யாருக்குப் போட்டார் என்று நான் கேட்கவில்லை. போடவே போகாமல் இருந்திருக்கலாம் என்றுகூட எனக்கு ஓர் ஐயம் உண்டு.

அந்த ஐயத்துக்குக் காரணம் சொல்கிறேன். நடுப்பாதை பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் தவறவிடுவது இதைத்தான். 1997இல் பிளேர் 418 இடங்களை வென்றார், வாக்கோ சுமார் 1 கோடியே 35 லட்சம். 1992இல் மேஜர் வாங்கிய 1 கோடியே 41 லட்சத்தைவிட அது குறைவு. ஐந்தாண்டுகளில் தொழிலாளர் கட்சி ஏறத்தாழ 20 லட்சம் வாக்குகளைக் கூடுதலாகச் சேர்த்தது; கன்சர்வேட்டிவ் கட்சியோ 45 லட்சம் வாக்குகளை இழந்தது. வாக்குப்பதிவும் 77.7 சதவீதத்திலிருந்து 71.3க்கு இறங்கியது. அச்சத்துக்குப் பூட்டுப் போடுவதன் பெரும்பயன் நடுவிலிருப்பவரைக் கவர்ந்திழுப்பதில் மட்டும் இல்லை. எதிரணியின் வாக்காளர், "இவர்கள் வந்தாலும் ஒன்றும் குடிமுழுகிவிடாது" என்று வீட்டில் நிம்மதியாக உட்கார்ந்துவிடுகிறார். இது என் வாசிப்பு. 1992 செப்டம்பர் 16 அன்று பவுண்டு ஐரோப்பிய நாணய மாற்று முறையிலிருந்து விழுந்தபோதே கன்சர்வேட்டிவ்களின் பொருளாதாரப் பெயர் போய்விட்டது, ஸ்மித் உயிரோடிருந்தாலும் வென்றிருப்பார் என்று வாதிடுகிறவர்களை என்னால் முழுமையாக மறுக்க முடியாது. ஸ்மித் காலத்திலேயே கட்சி கருத்துக்கணிப்பில் நன்றாக முன்னால் இருந்தது. வென்றிருப்பார், 418 வந்திருக்காது என்பது என் ஊகம். ஊகத்துக்கு மேல் அதற்கு மதிப்பில்லை.

இனி தாட்சர். அவர் வலது கோடியில் நின்று வென்றார் என்பது அவர் ஆட்சியைப் பார்த்து அவர் தேர்தலை எழுதுவது. 1979 தேர்தல் அறிக்கையில் தொலைபேசியை விற்பது பற்றியோ எரிவாயுவை விற்பது பற்றியோ ஒரு வரி இல்லை. விமானத் தயாரிப்பு, கப்பல் கட்டுதல், சரக்குப் போக்குவரத்து ஆகியவற்றோடு அது நின்றுவிட்டது. தொலைபேசி 1984இலும் எரிவாயு 1986இலும்தான் விற்கப்பட்டன. தொழிற்சங்கச் சட்டங்களும் 1980, 1982, 1984 என்று தவணை தவணையாகத்தான் வந்தன. 1982ஆம் ஆண்டு மாநாட்டில் அவரே எழுந்து, தேசிய சுகாதார சேவை எங்களிடம் பத்திரமாக இருக்கிறது என்று சொல்ல வேண்டியிருந்தது. எந்த அச்சம் தன்னைத் தோற்கடிக்கும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. மாநகராட்சி வீட்டில் வாடகைக்கு இருந்தவருக்கு அந்த வீட்டையே சலுகை விலையில் விற்கும் திட்டம், தொழிலாளர் குடும்பங்களின் வாசலுக்கே அவரைக் கொண்டுபோனது. 1978, 79 குளிர்கால வேலைநிறுத்தங்களுக்குப் பிறகு சங்கங்களைக் கட்டுக்குள் கொண்டுவர வேண்டும் என்பது வலதுசாரிக் கருத்தாக மட்டும் இருக்கவில்லை. இதையெல்லாம் சொன்ன பிறகும் அவர் ஒரு விலக்குத்தான் என்பதை ஒப்புக்கொள்கிறேன். நடுவைத் தேடிப் போகாமல் நடுவையே தன் பக்கம் இழுத்தவர் அவர். ஆனால் அந்த இழுப்பு நடந்தது ஆட்சியில் அமர்ந்த பிறகு. 1997இல் பிளேர் போய் நின்ற நடுவிடம், 1979இல் தாட்சரிடம் தோற்ற தொழிலாளர் கட்சிப் பிரதமர் கேலஹன் நின்ற இடத்துக்கு வெகு வலப்புறத்தில் இருந்தது.

இழுப்பு மறுபக்கமும் நடக்கும். மின்சாரம், எரிவாயுக் கட்டணத்தை 20 மாதம் ஏற விடாமல் நிறுத்துவேன் என்று அன்றைய தொழிலாளர் கட்சித் தலைவர் எட் மிலிபாண்ட் 2013இல் அறிவித்தபோது, கன்சர்வேட்டிவ்கள் அதை மார்க்சியம் என்று எள்ளி நகையாடினார்கள். 2015இல் மிலிபாண்ட் தோற்றார். 2017இல் கன்சர்வேட்டிவ் பிரதமர் தெரசா மே கட்டண உச்சவரம்பைத் தன் தேர்தல் அறிக்கையில் சேர்த்தார். 2019 ஜனவரி 1 முதல் அது நடைமுறைக்கும் வந்துவிட்டது. தோற்ற கட்சியின் சரக்கு வென்ற கட்சியின் கடையில் விற்பனைக்கு வருவது இந்நாட்டில் அடிக்கடி நடப்பதுதான்.

2010இல் பிரதமரான கன்சர்வேட்டிவ் தலைவர் கேமரனைச் சுருக்கமாகவே சொல்லலாம், ஏனெனில் அவர் செய்தது பிளேரின் பாடத்தைக் கண்ணாடியில் பார்த்து எழுதியதுதான். பிளேர் தன் முன்னுரிமைகளை மூன்று சொற்களில் சொன்னார், நான் மூன்று எழுத்துகளில் சொல்கிறேன், என்.எச்.எஸ். (தேசிய சுகாதார சேவை) என்று 2006 மாநாட்டில் பேசினார். 2010இல் பற்றாக்குறையை வெட்டுவேன், சுகாதார சேவையை வெட்ட மாட்டேன் என்று அவர் முகம் போட்ட சுவரொட்டிகள் வந்தன. கிடைத்தவை 306 இடங்கள், தனிப்பெரும்பான்மை இல்லை. பூட்டு மட்டும் போதாது என்பதற்கு இதையும் ஒரு சான்றாகக் கொள்ளலாம்.

ஒரு கட்சி தானாகவே நடுவுக்கு நழுவிவிடுவதில்லை என்பதற்கு முக்கியக் காரணம், தலைவரைத் தேர்ந்தெடுப்பவர்கள் வேறு, பிரதமரைத் தேர்ந்தெடுப்பவர்கள் வேறு என்பதுதான். சந்தா கட்டும் உறுப்பினர்கள் சாதாரண வாக்காளர்களைவிட ஒரு பக்கம் சாய்ந்தவர்கள். தொழிலாளர் கட்சி உறுப்பினர்களும் பதிவுசெய்த ஆதரவாளர்களும் 2015இல் 59.5 சதவீத வாக்களித்துக் கார்பினைத் தேர்ந்தெடுத்தார்கள். கன்சர்வேட்டிவ் உறுப்பினர்கள் 2022இல் ரிஷி சுனக்கை விட்டுவிட்டு லிஸ் டிரஸ்ஸுக்கு 57.4 சதவீதம் அளித்தார்கள். கடனை வாங்கி வரியைக் குறைக்கும் அவருடைய குறு பட்ஜெட் செப்டம்பர் 23 அன்று வந்தது, டிரஸ் மொத்தம் 49 நாளே பிரதமர் பதவியிலிருந்தார். 2020இல் தொழிலாளர் கட்சித் தலைமைக்கு நின்ற கியர் ஸ்டார்மர், ரயில், அஞ்சல், எரிசக்தி, குடிநீர் ஆகியவற்றைப் பொதுவுடைமையாக்குவேன், பல்கலைக்கழகக் கட்டணத்தை ஒழிப்பேன் என்பவை அடங்கிய பத்து வாக்குறுதிகளை உறுப்பினர்களுக்குக் கொடுத்தார். நாட்டின் முன் நின்றபோது ரயில் தவிர இவை ஏறக்குறைய எல்லாமே கழன்று விழுந்தன. உறுப்பினருக்கு ஒரு முகம், வாக்காளருக்கு ஒரு முகம் என்று இதைக் கண்டிப்பவர்களின் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் இரண்டு வேறு வாக்காளர் கூட்டங்களின் முன் அடுத்தடுத்து தேர்வெழுத வைக்கும் அமைப்பில் இது திரும்பத் திரும்ப நடக்கவே செய்யும்.

கார்பின் பற்றிய கேள்விக்கு இப்போது வரலாம். 2017இல் அவருக்கு 40 சதவீதமும் 262 இடங்களும் கிடைத்தன. நடுப்பாதைக் கோட்பாட்டின்படி அது நடந்திருக்கவே கூடாது. இளைஞர்கள் திரண்டார்கள், சிறு கட்சிகளின் வாக்குகள் வந்து சேர்ந்தன என்பவை உண்மை. ஆனால் அதே தேர்தலில் தெரசா மேயும் 42 சதவீதத்துக்கு மேல் வாங்கினார். தன் ஆதரவாளரை உசுப்பிவிடும் தலைவர், எதிரணியின் ஆதரவாளரையும் சேர்த்தே உசுப்பிவிடுகிறார். 2024ஐப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஸ்டார்மர் வாங்கியது 33.7 சதவீதம், ஏறத்தாழ 97 லட்சம் வாக்குகள். கார்பின் 2017இல் வாங்கியது சுமார் 1 கோடியே 29 லட்சம், படுதோல்வியடைந்த 2019இல்கூட 1 கோடிக்கு மேல். ஆனால் ஸ்டார்மருக்கு 411 இடங்கள். கன்சர்வேட்டிவ் வாக்கு 43.6 சதவீதத்திலிருந்து 23.7க்குச் சரிந்தது, அதில் பெரும்பங்கு வலதுசாரிச் சீர்திருத்தக் கட்சிக்கு (ரிஃபார்ம் யுகே) போனது, இன்னொரு பங்கு வீட்டிலேயே இருந்துவிட்டது. இவர்கள் தொழிலாளர் கட்சியை விரும்பவில்லை, அஞ்சவும் இல்லை. அச்சம் இருந்திருந்தால் பழைய கட்சியோடே ஒட்டிக்கொண்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன். டிரஸ்ஸின் 49 நாட்களும் அதற்கு முன்னிருந்த குழப்பங்களும் எவ்வளவு, ஸ்டார்மரின் பூட்டு எவ்வளவு என்று பிரித்துக்காட்டும் தராசு என்னிடம் இல்லை. இரண்டும் சேர்ந்தே வேலை செய்தன.

2024 இன்னொன்றையும் காட்டியது: தெருக்கோடி வீட்டுக்காரர்கள் நடுக்கடைக்கு வந்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் போய்விட்டது. பசுமைக் கட்சி நான்கு இடங்களை வென்றது, அதில் பிரிஸ்டல் சென்ட்ரலைத் தொழிலாளர் கட்சியின் நிழல் அமைச்சரிடமிருந்து (எதிர்க்கட்சியில் ஒரு துறைக்குப் பொறுப்பானவரிடமிருந்து) பறித்தது. காஸா பற்றிய கோபத்தில் லெஸ்டர் சவுத் போன்ற உறுதியான இடங்கள் சுயேச்சைகளுக்குப் போயின. ஸ்காட்லாந்தில் இது 2015லேயே நடந்துவிட்டது. அங்கே 41 இடங்களை வைத்திருந்த தொழிலாளர் கட்சி ஒன்றோடு நின்றது. சீர்திருத்தக் கட்சி 14.3 சதவீதம் வாங்கி ஐந்தே இடங்கள் பெற்றது. வாக்குகள் ஐந்து கட்சிகளுக்கு மேல் சிதறும்போது 30 சதவீதம் வாங்கியவரே தொகுதிக்குத் தொகுதி வெல்லக்கூடும். அப்போது நடுவை நோக்கிய ஈர்ப்பு தளரும். அது நிலைத்துவிட்டதா என்று சொல்ல ஒரு தேர்தல் போதாது.

கடைசியாக, இது ஏமாற்றா என்ற கேள்வி. பூட்டு பெரும்பாலும் போட்டவர் கையையே கட்டுகிறது என்பதைத்தான் நான் முதலில் சொல்வேன். பிரவுன் ஏற்றுக்கொண்ட அந்தச் செலவு வரம்பு எவ்வளவு இறுக்கமானது என்றால், அதை வகுத்த நிதியமைச்சர் கென்னத் கிளார்க்கே, தான் பதவியில் நீடித்திருந்தால் அதைக் கடைப்பிடித்திருக்க மாட்டேன் என்ற பொருளில் பின்னர் பேசினார். பிரவுன் கடைப்பிடித்தார். அதன் பகுதியாக 1997 டிசம்பரில் தனித்து வாழும் பெற்றோருக்கான உதவித்தொகை வெட்டப்பட்டபோது, வென்ற ஏழே மாதத்தில் சொந்தக் கட்சி எம்.பி.க்கள் 47 பேர் எதிர்த்து வாக்களித்தார்கள். இது வாக்காளரை ஏமாற்றிய செயல் அன்று. சொன்னதைக் கடைப்பிடித்ததால் வந்த வலி. மறுபுறம், எழுத்தைக் காப்பாற்றிப் பொருளை நழுவவிடும் வித்தையும் உண்டு. 1979 தேர்தலின்போது மதிப்புக்கூட்டு வரியை இரட்டிப்பாக்கும் எண்ணம் துளியும் இல்லை என்று கன்சர்வேட்டிவ்கள் மறுத்தார்கள். ஜூன் பட்ஜெட்டில் தாட்சரின் நிதியமைச்சர் ஜெஃப்ரி ஹவ் அதை 8 சதவீதத்திலிருந்து 15க்கு ஏற்றினார். 16 ஆனால்தானே இரட்டிப்பு! 2024இல் தொழிலாளர் கட்சி, உழைக்கும் மக்கள் மீது வரி ஏற்ற மாட்டோம், வருமான வரி, தேசிய காப்பீடு, மதிப்புக்கூட்டு வரி மூன்றும் ஏறாது என்று எழுதிக்கொடுத்தது. அக்டோபர் பட்ஜெட்டில் ஸ்டார்மரின் நிதியமைச்சர் ரேச்சல் ரீவ்ஸ், ஊழியர் கட்டும் காப்பீட்டைத் தொடாமல், முதலாளி கட்டும் பங்கை 13.8 சதவீதத்திலிருந்து 15க்கு ஏற்றினார். வாக்குறுதி முறிந்ததா இல்லையா என்று அன்று முழுவதும் தொலைக்காட்சியில் வாதிட்டுக்கொண்டிருந்தார்கள். என்னிடம் கேட்டால், ஹவ்வின் 15ஐயும் ரீவ்ஸின் 15ஐயும் ஒரே வரிசையில்தான் வைப்பேன்.